எருமைநாக்கு மீன்: கண்ணின் இடப்பெயர்வும் பார்வையும்

எருமைநாக்கு, யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டிய பாக்குக் கடலில் அடிமணலை அண்டி வாழும் தட்டைமீன். அரை மீற்றருக்கு மேலும் வளரும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். சில வாரங்களில் ஒரு கண் நெற்றியை நோக்கி நகரத் தொடங்கும். அதன்பின் மீன் ஒருக்களித்து அடியில் படுத்துவிடும்.

ஐரோப்பிய விலங்கியல் இம்மீனை அறிந்தது தமிழ்க் கரையின் வழியாகவே. தரங்கம்பாடியில் பணியாற்றிய மிசனரி கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன், பேர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் புளொக்குக்கு மீன்களைப் பதப்படுத்தி அனுப்பி வந்தார். 1799இல் புளொக் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணியை முடித்து அறிஞர் ஷ்னைடர் 1801இல் வெளியிட்ட நூலில், தரங்கம்பாடி மீனாக இது ‘எருமெய்’ என்ற இனப்பெயரோடு இடம்பெற்றது. கரையோர மீனவர் வழங்கிய பெயரே இலத்தீன் நூலில் ஏறியது. 1831இல் விலங்கியலாளர் பெனட் இதற்கெனச் செட்டோடஸ் என்ற பேரினத்தை வகுத்தார். இப்பேரினத்தில் மூன்று இனங்களே உள்ளன. மற்ற இரண்டும் மேற்கு ஆபிரிக்கக் கடலுக்குரியவை. தட்டைமீன்கள் யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்றும், அவற்றுள் முதலில் பிரிந்த கிளை இதுவே என்றும் கொள்வது பொருந்தும்.

தட்டைமீனின் கண் ஒரு பெரிய வாதத்துக்கும் பொருளாயிற்று. கண் சிறிது தூரம் மட்டும் நகர்ந்தால் மீனுக்கு என்ன பயன் என்று, டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையை எதிர்த்த விலங்கியலாளர் மிவார்ட் 1871இல் கேட்டார். டார்வின் தம் ‘இனங்களின் தோற்றம்’ நூலின் ஆறாம் பதிப்பில் (1872) விடையளித்தார். எருமைநாக்கின் தலையைப் பார்த்தவருக்கு அந்த ஐயமே எழாது. அதன் மேற்கண் முழுதாக மறுபக்கம் போய்ச் சேர்வதில்லை. தலையின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. மீனைப் புரட்டிக் குருட்டுப் பக்கத்தைப் பார்த்தாலும் அந்தக் கண்ணின் ஓரம் தெரியும். முதுகுச் செட்டையும் மற்றத் தட்டைமீன்களில் போலத் தலைமேல் ஏறுவதில்லை. இடப்பக்கம் கண்ணுள்ளவையும் வலப்பக்கம் கண்ணுள்ளவையும் ஏறத்தாழ ஒரே அளவில் கிடைக்கின்றன. சில வேளைகளில் இது நிமிர்ந்தும் நீந்தும். பாதிவழியில் நின்ற கண்ணுடைய ஆதித் தட்டைமீன்களின் புதைபடிவங்களை 2008இல் ஆய்வாளர் மட் ஃப்ரீட்மன் விளக்கியபோது டார்வினின் பக்கம் மேலும் வலுப்பெற்றது.

கண்ணை நகர்த்தும் மாற்றம் தைரொயிட் சுரப்பினால் தூண்டப்படுகிறது. கண்ணின் பாதையிலுள்ள குருத்தெலும்பு கரைய, மண்டையோட்டு எலும்பு முறுக்கிக்கொள்கிறது. உட்காது மட்டும் பழைய நிலையிலேயே இருப்பதால், சமநிலை உணர்வைக் கண்ணசைவோடு இணைக்கும் மூளை நரம்புகள் புதிதாகத் தொடுக்கப்படுகின்றன. விழித்திரையும் மாறுகிறது. வட அட்லாண்டிக்கின் ஒரு தட்டைமீனில் செய்த ஆய்வின்படி, மேல்நீரில் மிதக்கும் குஞ்சுக்கு ஒரே வகைக் கூம்புக்கலங்களே உண்டு. அடியில் படுத்த பிறகே மங்கல் ஒளிக்கான கோற்கலங்களும் வேறு நிறம் உணரும் கூம்புகளும் தோன்றுகின்றன. வெளிச்சமான மேல்நீரிலிருந்து இருண்ட அடிக்கு இறங்கும் மீனுக்கு இது இன்றியமையாதது.

பொதுவாக எலும்புமீன்களின் கண் வாழ்நாள் முழுதும் வளரும். விழித்திரையின் ஓரத்தில் புதிய கலங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். உருண்டை வில்லை, வெங்காயம் போல அடுக்கடுக்காகப் பெருக்கும். கண் பெரிதாகப் பெரிதாக நுண்ணிய இரையும் தெளிவாகத் தெரியும்.

எருமைநாக்கு படுத்து வாழும் கடலடித்தளத்தை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் வடகடலில் அது ஓயவில்லை.