சுரைக்குடுக்கையில் வந்த விருந்து

அயல்நாட்டில் பயிலும் நம் மாணவர் எழுதும் மடல்களில் உணவுக் குறையே முந்தி நிற்கும். ஹஜ்ஜையும் கல்வியையும் நாடி 1325-ல் தாயகம் நீங்கிய இப்னு பதூதாவும் அதற்கு விலக்கல்லர்.

1352-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் வலாத்தாவில், சிறுதானியமும் தேனும் பாலும் கலந்து பாதிச் சுரைக்குடுக்கையில் அவருக்கு விருந்தளித்தனர். இதற்காகவா அழைத்தார்கள் என முகஞ்சுளித்தார், திரும்பிவிடவும் எண்ணினார். சாணார்பட்டி மானாவாரிக் காட்டுக் கம்பங்கூழில் வளர்ந்தவர்க்கு அச்சுளிப்பு சற்றே உறுத்தும்!

ஆயினும் மேலே சென்றார். மாலி நாட்டில் வழிப்போக்கர் கள்வருக்கு அஞ்சுவதில்லை, அநீதிக்கு மன்னிப்பில்லை, பிள்ளைகள் திருக்குர்ஆனை மனனம் செய்யும்வரை பெற்றோர் விடுவதில்லை என்றெல்லாம் வியந்துரைத்தார். 1340-களில் மதுரை சுல்தான் கியாதுத்தீன், சிறைப்பட்ட நாட்டுப்புறத்தாரின் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு, இழிசெயலென உரைத்ததும் அதே நாவே.