சிட்டியும் சிட்டுக்குருவியும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்றிருக்கிறீர்களா? மரக்காணத்தை நெருங்கும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளப் பாத்திகள் விரிந்து கிடப்பதைக் காணலாம். கோடையில் அங்கே உப்பு வாரும் தொழிலாளரின் நடமாட்டம் மிகுந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும், தொழில் ஓயும். மனிதர் ஒதுங்கிய அந்த நீர்ப்பரப்பை நாடிப் பறவைகள் வந்து இறங்கும்.

அத்தகைய ஒரு மழைக்காலத்தில்தான், 2018 நவம்பர் 29 அன்று, '2.0' என்னும் திரைப்படம் வெளியாயிற்று. மரக்காணத்திலிருந்து கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் அப்படத்தைத் திரையரங்கில் ஒரு முறையும் பிறகு வீட்டில் இரு முறையும் பார்த்துவிட்டு, இயற்பியல் வகுப்பில் எழுந்து கேட்டார்: "சார், செல்போன் டவராலதான் குருவியெல்லாம் சாகுதுன்னு படத்துல காட்டுறாங்க. எங்க உப்பளத்துப் பக்கமும் டவர் நிக்குது. ஆனா மழைக்காலம் வந்தா பறவையும் வருதே. எது சார் நிஜம்?"

நல்ல கேள்வி. அதற்கு விடை காணுமுன், அப்படம் வந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

எந்திரன் முதல் 2.0 வரை

சங்கர் இயக்கிய 'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளியாயிற்று. விஞ்ஞானி வசீகரனாகவும், அவர் படைத்த 'சிட்டி' என்னும் எந்திர மனிதனாகவும் ரஜினிகாந்த் நடித்தார். எந்திரனுக்கு மனித உணர்ச்சிகளை ஊட்டினால் என்ன நேரும் என்பதே கதை. அதற்கு வசனம் எழுதியவர்களுள் ஒருவர், தமிழில் அறிவியல் புனைகதையைப் பரப்பிய சுஜாதா. படம் வெளிவருவதற்கு இரண்டரை ஆண்டு முன்னரே, 2008இல், அவர் மறைந்துவிட்டார்.

எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த இரண்டாம் பாகத்தில், பிரித்து வைக்கப்பட்ட சிட்டிக்கு மீண்டும் உயிரூட்டுகின்றனர். இம்முறை எதிரி, பறவைகளை நேசித்த பட்சிராஜன் என்னும் முதியவர். அக்சய் குமார் ஏற்ற இந்தப் பாத்திரம், புகழ்பெற்ற பறவையியலாளர் சலீம் அலியை நினைவூட்டியது. செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று போராடித் தோற்ற அவர், கோபுரத்திலேயே தூக்கிட்டு இறக்கிறார். பின்னர் ஊரிலுள்ள செல்பேசிகளெல்லாம் பறந்து சென்று ஒரு மாபெரும் பறவையாக உருவெடுக்கின்றன.

திரையரங்கில் கிடைத்த ஆழம்

முதல் நாள் காட்சியில் இரசிகர்களின் ஆரவாரம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதற்பாகத்தில் கண்ட முரட்டுச் சிட்டி மீண்டும் தோன்றும் கட்டத்தில் விசில் ஒலி கூரையைப் பிளந்தது. கதை முதற்பாகத்தைப் போல இல்லை என்று குறைப்பட்டவர்களும், 'ஆரா' என்று படத்தில் கூறப்படுவதற்கும் அறிவியலுக்கும் என்ன உறவு என்று கேட்டவர்களும் உண்டு. ஆயினும், முப்பரிமாணக் காட்சிகள் புதுமை என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர்.

இந்தியாவில் முப்பரிமாணப் படம் இதுவே முதலன்று. 1984இல் மலையாளத்தில் வெளியான 'மைடியர் குட்டிச்சாத்தான்' அப்பெருமையைப் பெற்றுவிட்டது. இதன் அடிப்படைத் தத்துவமோ இன்னும் பழையது. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் தூரம் உள்ளது. ஆகவே, ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணத்தில் காண்கின்றன. இவ்விரு பிம்பங்களையும் மூளை இணைக்கும்போதுதான் ஆழம் தோன்றுகிறது. 1838இல் சார்லசு வீட்சுடன் இதனைச் செய்து காட்டினார். 2.0 படத்தை இரு கண்களுக்கான இரு பிம்பங்களாகவே படமாக்கினர். அரங்கில் நாம் அணியும் கண்ணாடி, இடக் கண்ணுக்குரிய பிம்பத்தை வலக் கண் காணாதபடி தடுக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது

பின்னர் படம் இணையவழித் திரையிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. ஆனால் ஆழம் உடன் வரவில்லை! முப்பரிமாணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பெரிய நிறுவனங்கள் 2017ஆம் ஆண்டுவாக்கிலேயே கைவிட்டிருந்தன. இரு பிம்பங்களில் ஒன்றுமட்டுமே வீட்டுத் திரையில் தெரிந்தது. அரங்கில் முகத்துக்கு நேரே பாய்ந்த பறவை, கூடத்தில் தட்டையாகிவிட்டது. 'தியேட்டரில் பார்த்த மாதிரி இல்லையே' என்று இரசிகர்கள் சலித்துக்கொண்டதன் காரணம் இதுதான்.

எனினும் இதில் ஒரு நன்மையும் விளைந்தது. பிரமிப்புக் குறைந்த இடத்தில் சிந்தனைக்கு இடம் கிடைத்தது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், மீண்டும் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் 'இது உண்மையா?' என்று கேட்கலாம். நம் மாணவரின் கேள்வியும் இப்படி எழுந்ததே.

கேள்வியை முதலில் எழுப்பியவர் அவர் அல்லர். படம் வெளிவருமுன்பே, செல்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் அப்படம் அறிவியலுக்குப் புறம்பானது என்று தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. வணிகர் சொன்னதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. நாயகன் நடித்ததாலேயே ஒன்று மெய்யாகிவிடவும் செய்யாது. சான்றுகளைத்தான் நாம் கேட்க வேண்டும்.

குருவி சொல்லும் சாட்சி

முதற் சான்று காலவரிசை. பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் குறையத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அங்கே செல்பேசிச் சேவை தொடங்கியதோ 1985இல். காரணம் காரியத்துக்குப் பின்னால் வர முடியுமா?

நம் நாட்டில் முதல் செல்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 2020இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை வெளியிடப்பட்டது. நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் அது கூறுகிறது. கோபுரங்களோ கிராமங்களிலும் உள்ளன. நகரத்தில் குருவிக் குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி கிடைப்பது அரிது. ஓட்டு வீடுகள் மறைந்து கான்கிரீட் சுவர் எழுந்தபின் கூடு கட்டப் பொந்தும் அரிது. ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்களுள் இவை முக்கியமானவை.

அடுத்து, அலையின் ஆற்றல். 1800 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செல்லும் செல்பேசி அலையின் ஒரு ஃபோட்டானைவிட, பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டான் ஏறத்தாழ 3 இலட்சம் மடங்கு ஆற்றல் உடையது. எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும் வலிமை செல்பேசி அலைக்கு இல்லை. திசுக்களை வெப்பமாக்குவதே அதன் அறியப்பட்ட விளைவு. அதுவும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். இந்த அலைவரிசையில் நம் நாட்டின் வரம்பு, சதுர மீட்டருக்கு 0.9 வாட். நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1000 வாட்.

ஆனால் இத்துடன் வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்! செருமனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டனர். வலசை போகும் ராபின் பறவைகள் புவிக் காந்தப் புலத்தைக் கொண்டு திசையறிபவை. நகரச் சூழலில் மின் கருவிகளும் வானொலியும் எழுப்பும் மின்காந்த இரைச்சலில் அவை திசை தடுமாறின. குடிலை அலுமினியத் தகட்டால் மறைத்துப் புவியிணைப்புக் கொடுத்ததும் திசையை மீண்டும் அறிந்தன. ஆனால் அந்த இரைச்சல் 50 கிலோ ஹெர்ட்ஸ் முதல் 5 மெகா ஹெர்ட்ஸ் வரையிலானது. செல்பேசி அலைகளின் அதிர்வெண் அதைவிட நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பட்சிராஜனின் கவலை வீண் அன்று; அவர் குற்றவாளியை அடையாளம் காட்டிய முறைதான் பிழை. நம் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் அமைத்த வல்லுநர் குழுவும், முன்னெச்சரிக்கையும் மேலாய்வும் தேவை என்றே கூறியது.

கழுவேலிக்கு வாருங்கள்

இனி மரக்காணத்துக்குத் திரும்புவோம். 'டவரும் நிற்கிறது, பறவையும் வருகிறது' என்றார் மாணவர். இதுமட்டும் நிரூபணமாகுமா? ஆகாது. கோபுரம் இல்லாவிடில் இன்னும் மிகுதியாக வருமோ என்று யாரேனும் கேட்டால் நம்மிடம் விடை இல்லை. ஒப்பிட்டு எண்ணினால்தான் விடை கிடைக்கும்.

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி என்னும் உவர்நீர்ச் சதுப்பு நிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈர நிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே வரும் பூநாரைக்கும் உள்ளானுக்கும் வேண்டியவை ஆழமற்ற நீர், அதில் வாழும் சிற்றுயிர்கள், வேட்டையாடாத மனிதர். பழியை எல்லாம் கோபுரத்தின்மேல் போட்டுவிட்டால், ஏரி சுருங்குவதும் ஆக்கிரமிக்கப்படுவதும் நம் கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடும். தவறான எதிரியோடு போரிடுவதில் உள்ள பெரிய இழப்பு இதுவே.

நீங்களும் ஓர் ஆய்வு செய்யலாம். உங்கள் ஊரில் கோபுரத்தருகே ஓர் இடத்தையும், அதிலிருந்து தொலைவில் அதே போன்ற மரமும் நீரும் வீடும் உள்ள வேறோர் இடத்தையும் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் ஒரே நேரத்தில், 15 நிமிடம் பறவைகளை எண்ணிக் குறியுங்கள். ஓராண்டு தொடருங்கள். ஓர் ஊரின் கணக்கு மட்டும் போதாது. பல ஊர்களின் கணக்குகள் சேரும்போது உண்மை புலப்படும்.

முதல் நாள் முதல் காட்சிக்கு விடியுமுன் எழுந்த இரசிகர்களுக்கு, குருவியை எண்ண விடியற்காலையில் எழுவது அரிய செயலா என்ன?