ஆறாத புண்ணும் அடங்காத அழற்சியும்

1901-ஆம் ஆண்டில் கிள்ளான் பட்டணத்தை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டுவித்து நோயைத் தணித்தார். தோட்டங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் உழைத்த தமிழர் அந்நாளில் அஞ்சியது இத்தகைய காய்ச்சலுக்கே. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அஞ்சவேண்டியதோ இனிப்புநீர் நோய்க்கு. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் உண்டு. இந்தியரிடையே அது நூற்றுக்கு 31.

இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று, காலில் தோன்றும் ஆறாத புண். சிறு கொப்புளமாகத் தொடங்குவது, முற்றினால் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுவிடும். புண் ஏன் ஆறுவதில்லை?

இதற்கு விடை தேடும் வழியை 1882-இல் திறந்தவர் இரஷிய அறிஞர் மெச்னிகாவ். இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளங்குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி, நகரும் உயிரணுக்கள் மொய்த்திருந்தன. உடலின் காவற்படை இதுவென உணர்ந்த அவருக்கு 1908-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

1922-இல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. உயிர்கள் பிழைத்தன, ஆயினும் புண்ணின் தொல்லை தீரவில்லை.

காயம் பட்டதும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் முதலில் விரைந்து வந்து கிருமிகளைக் கொல்லும். பின்வரும் மாக்ரோபேஜ் அணுக்கள் கழிவை விழுங்கும். அதன்பின் தம் குணம் மாறி, புதுச் சதை வளரத் துணைபுரியும். அழற்சி அடங்கினால்தான் இம்மாற்றம் நிகழும். இனிப்புநீர் நோயாளியிடம் அது தடைப்படுகிறது.

நியூட்ரோபில்கள் தம் மரபணு இழைகளையே வலையாக வீசிக் கிருமிகளைப் பிடிப்பதை 2004-இல் பெர்லின் அறிஞர்கள் வெளியிட்டனர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இவ்வலை அளவு மீறுகிறது என்றும், அது புண் ஆறுவதைக் கெடுக்கிறது என்றும் 2015-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே குறை, காவலர் வராமையில் மட்டுமன்று. வந்தவர் வேலை முடிந்தும் கலையாமையிலும் உள்ளது.

நரம்பு மரத்த காலுக்கு வலி தெரியாது. தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வெறுங்காலோடு நடக்கும் இந்நோயாளி, முள் தைத்ததையும் அறியமாட்டார். ஆதலின் நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புண் கண்ட அன்றே மருத்துவரை நாடுவதும் கடமையாகும். அன்று சதுப்பை வடித்துக் காய்ச்சலைத் தணித்த கிள்ளானில், இன்று கால்களைக் காக்கும் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது.