நீலப் பயணம் பிறந்த கதை

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில் உல்லாசப் படகுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். துருக்கியின் தென்மேற்குக் கரையில் இன்று கோடைதோறும் பயணிகள் ‘குலெத்’ என்னும் மரப்படகில் ஏறி, தீவுக்குத் தீவு, குடாவுக்குக் குடா தங்கி, ஒரு வாரம் போலக் கழித்துத் திரும்புகின்றனர். அப்பயணத்திற்கு அங்கே வழங்கும் பெயர் ‘மாவி யோல்ஜுலுக்’. நீலப் பயணம் என்பது பொருள். அதனைத் தொடங்கிவைத்தவர்கள் வணிகர் அல்லர், எழுத்தாளர்கள். அந்த உரிமையில்தான் இம்மலரில் இடம் கேட்கிறேன்.

கதை ஒரு தண்டனையில் தொடங்குகிறது. ஜெவத் ஷாகிர் கபாஆச்லி, உதுமானிய உயர்குடியில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றவர். 1914-இல் தம் தந்தை சுடப்பட்டு இறந்த வழக்கில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுச் சிறையில் பல ஆண்டுகள் கழித்தவர். அவரைப் புனிதராக்கிக் காட்ட வேண்டியதில்லை. 1925-இல், படையிலிருந்து ஓடியவர்கள் விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்டதைப் பற்றி ஒரு கதை எழுதினார். குர்திய எழுச்சியை அடக்குவதில் அரசு முனைந்திருந்த காலம் அது. சிறப்பு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு தொலையூர்க் காவல் விதித்தது. குறிக்கப்பட்ட ஊர் போட்ரம்.

அன்று அது சாலை வசதியற்ற, வறிய மீனவச் சிற்றூர். பண்டைய ஹாலிகர்னாசஸ் அதுவே. ஹெரோடோட்டஸ் பிறந்த மண். உலக அதிசயங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட மௌசோலஸ் மன்னனின் கல்லறை நின்ற இடம். அக்கல்லறையின் கற்களைப் பெயர்த்தெடுத்துச் சிலுவைப்போர் வீரர்கள் கட்டிய கோட்டை இன்றும் துறைமுகத்தில் நிற்கிறது. தண்டனையின் பிற்பகுதியைக் கழிக்க அவரை இஸ்தான்புல்லுக்கு மாற்றினார்கள். காலம் முடிந்ததும் அவர் தாமே போட்ரமுக்குத் திரும்பிவிட்டார்! ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அங்கு வாழ்ந்தார். மீன் பிடித்தார், அயல்நாட்டு மரவிதைகளை வரவழைத்து நட்டார், ‘ஹாலிகர்னாஸ் மீனவன்’ என்னும் புனைபெயரில் எழுதினார். அரசு தண்டனையாகக் கொடுத்த ஊர் பெயராகவே அவருடன் ஒட்டிக்கொண்டது.

அவர் கதைகளில் உலவுவோர் கடற்பஞ்சு குளிப்போர். முத்துக்குளித்தலை அறிந்த நமக்கு அத்தொழிலின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்தவர்களின் குருதியில் காற்றுக்குமிழிகள் தோன்றி, கைகால் முடங்கிப் போயினர், பலர் மாண்டனர். அவர்கள் ஏறிய படகு ‘திர்ஹாந்தில்’: முன்னும் பின்னும் கூர்ந்து, அகன்ற வயிற்றுடன் பைன் மரத்தில் அமைவது. குலெத் அதனினும் பெரிது. பின்புறம் உருண்டு, மேல்தட்டு அகன்றது. ‘கொலெத்தா’ என்னும் இத்தாலியச் சொல்லின் திரிபே அதன் பெயர்.

1940-களின் நடுப்பகுதியில் மீனவனின் நண்பர்கள் அத்தகைய கடற்பஞ்சுப் படகுகளில் அவருடன் கோக்கோவா வளைகுடாவுக்குப் புறப்பட்டனர். மொழிபெயர்ப்பாளரும் கட்டுரையாளருமான சபாஹத்தின் எய்யூபோலு அவர்களுள் முதன்மையானவர். பின்னர் இணைந்தவர் அஸ்ரா எர்ஹத்; கவிஞர் ஆ. காதிருடன் சேர்ந்து ஹோமரின் இலியத்தைத் துருக்கியாக்கிய மொழியறிஞர். படகில் அறை இல்லை, மெத்தை இல்லை. காய்ந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, குடிநீர், ராக்கி மது. செய்தித்தாளும் வானொலியும் ஏறக்கூடா என்பது விதி. பகலில் கரையிறங்கி இடிபாடுகளைக் கண்டு, இரவில் தட்டில் படுத்துத் தொன்மங்களைப் பேசினர். எர்ஹத் 1962-இல் வெளியிட்ட ‘மாவி யோல்ஜுலுக்’ நூலால் பெயர் நிலைபெற்றது.

அப்பேச்சு வெறும் பொழுதுபோக்கன்று. ஹோமரும் ஹெரோடோட்டஸும் மேலைநாட்டவர் சொத்து அல்லர், இம்மண்ணின் மக்கள். இங்கு வாழ்ந்த அனைவரின் மரபும் நமதே என்பது அக்குழுவின் வாதம். குறுகிய இனப்பெருமை ஓங்கிய நாட்டில் அது துணிவான கருத்து. எனினும் ஒன்று உறுத்துகிறது. 1923 உடன்படிக்கையின்படி அக்கரையின் கிரேக்கக் கிறித்தவர்கள் குடிபெயர்க்கப்பட்டனர். கிரீட்டுத் தீவின் முசுலிம்கள் போட்ரமுக்கு வந்து குடியேறினர். ஈராயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய அயோனியரைத் தம்மவர் என அணைத்தவர்கள், முந்தின நாள்வரை அடுத்த வீட்டில் இருந்தவரை அதே உரத்த குரலில் அழைத்தார்களா? இக்கேள்வி இல்லாமல் அந்நூல்களைப் படிக்க என்னால் இயலவில்லை. அவர்களையும் அரசு விட்டுவைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1971 இராணுவத் தலையீட்டுக்குப் பின் எய்யூபோலுவும் எர்ஹத்தும் சிறைப்பட்டு, பின்னர் விடுதலையாயினர். 1973-இல் எய்யூபோலுவும் மீனவனும் மறைந்தனர்.

அதன்பின் நடந்தது விரைவில் சொல்லத்தக்கது. சுற்றுலா பெருகியது, 1980-களின் நடுவில் கடற்பஞ்சுகளை நோய் தாக்க, பழைய தொழில் நலிந்தது. குளிப்போர் விட்டுச்சென்ற செல்வம் வேறொன்று. கடலடியில் கிடந்த வெண்கலக் காலக் கப்பல்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்களே. 1982-இல் உலுபுருன் கப்பலை முதலில் கண்டவர் ஒரு கடற்பஞ்சு குளிப்பவர்தாம். ஏறத்தாழப் பத்து டன் செம்புடன் மூழ்கிய அக்கப்பலின் பொருள்கள் போட்ரம் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன. இன்றைய குலெத்தில் குளியலறை உண்டு, குளிர்பதன அறையும் உண்டு. பெரும்பாலும் பொறியே ஓட்டுகிறது. பாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. படகுக்கு மரம் தந்த பைன் காடுகள் 2021 கோடையில் மர்மரிசிலும் போட்ரமைச் சுற்றியும் தீப்பற்றியபோது, கரையில் சிக்கியவர்களைப் படகுகளே ஏற்றி மீட்டன.

கோச்செக் அருகே ஒரு குடாவில், கவிஞரும் ஓவியருமான பெத்ரி ரஹ்மி, எய்யூபோலுவின் தம்பி, கரைப்பாறையில் ஒரு மீனை வரைந்துவிட்டுப் போனார். அவர் 1975-இல் காலமானார். குடா இன்று அவர் பெயரால் வழங்குகிறது. படகுகள் அங்கே கயிறு கட்டி நிற்க, பயணிகள் நீந்திச் சென்று அம்மீனைப் பார்க்கின்றனர்.