டேபிள் திரும்பியது, உறவு திரும்பவில்லை

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், சோதனை டேட்டாபேஸில் வரவு செலவு டேபிளைத் தவறுதலாக டிராப் செய்துவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்று சிரிக்காதீர்கள்!

கொஞ்சம் சரித்திரம். 1970-ல் ஐ.பி.எம்.மின் எட்கர் காட் ரிலேஷனல் முறையை முன்வைத்தார். ஒரு டேபிளின் ஃபாரின் கீ இன்னொரு டேபிளைச் சுட்டும். பழைய லெட்ஜரின் ஃபோலியோ எண் மாதிரி. டிராப் செய்துவிட்டால் ஆரக்கிளில் வெகுகாலம் பேக்கப்தான் கதி. 2003-ல் அறிவிக்கப்பட்ட ஆரக்கிள் 10ஜி, ரிசைக்கிள் பின்னைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு ஃப்ளாஷ்பேக் கட்டளை, டேபிள் திரும்பிவிடும்.

எனக்கும் திரும்பியது. வரிசைகளின் எண்ணிக்கை டேலி. அப்பாடா! ஆனால் மறுநாள், இல்லாத கணக்கு எண்ணுக்கு ஒரு வரவு போட்டுப் பார்த்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது!

விஷயம் இதுதான். பிரைமரி கீ, யுனீக், செக் கன்ஸ்ட்ரெயின்ட்கள் திரும்பும், ‘பின்’ என்று தொடங்கும் புரியாத பெயர்களோடு. ஃபாரின் கீ மட்டும் திரும்பாது. டேபிள் தொட்டியில் கிடந்த நேரத்தில் மற்ற டேபிள் மாறியிருக்கலாமே! இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த உறவை நாமேதான் மறுபடி எழுத வேண்டும்.

டேலி ஆனாலே கணக்கு சரி என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இப்போது ஃபோலியோவையும் பார்க்கிறேன்.