கப்பலேறியவர்களும் வழிமறித்தவர்களும்



வழிப்பறி என்று சொன்னவுடன் நம் கண்முன் வருவது இருட்டும் காடும் அரிவாளுந்தான். பழந்தமிழ்ப் புலவர்களும் அப்படித்தான் பாடினார்கள். பாலை நிலத்தில் வழிப்போக்கரைக் கொள்ளையிட்டவர்களுக்கு 'ஆறலை கள்வர்' என்று பெயர். ஆறு என்றால் வழி என்பது பொருள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பட்டும் சுமந்து வந்த சுந்தரமூர்த்தி நாயனாரையே திருமுருகன்பூண்டியில் வேடர்கள் வழிமறித்துப் பறித்தார்கள் என்று கதை உண்டு. வேடராக வந்தவை சிவபெருமானின் பூதகணங்கள் என்பது வேறு சங்கதி.

இன்னொரு கதையும் நமக்குத் தெரியும். பிழைப்புத் தேடி மதுரைக்குப் போன கோவலன், மனைவியின் காற்சிலம்பை விற்க ஒரு பொற்கொல்லனிடம் போனான். அந்தப் பொற்கொல்லன் கத்தி எடுக்கவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாகப் பேசினான். சிலம்பைப் புகழ்ந்தான். தன் குடிலுக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போனான். அரசியின் சிலம்பை முன்பே திருடியவன் அவன்தான். ஊருக்குப் புதியவனான கோவலனின் தலையில் அந்தப் பழியைப் போட்டுவிட்டான்.

பேராக் மாநிலத்துத் தோட்ட மக்களின் பயண வரலாற்றைப் பார்த்தால், நம்மவர்களை அதிகமாகக் கெடுத்தவர்கள் இந்த இரண்டாவது வகையினரே.

கிரியான் வட்டாரத்தில், பாரிட் புந்தார் பக்கம், 1880-களில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ரப்பர் பெருகுவதற்கு முன் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியது அங்கெல்லாந்தான். நாகப்பட்டினத்தில் ஆள் சேர்க்கும் வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஊர் ஊராய் அலைந்து ஆள் பிடிப்பவர்கள் இருந்தார்கள். ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டால் தலைக்கு இவ்வளவு என்று கைமேல் காசு. மழை பொய்த்த ஊரில், கடன்பட்ட வீட்டில் போய் உட்கார்ந்து, "நானும் உங்கள் பக்கத்து ஊர்தான்" என்று பேச்சைத் தொடங்கினால் போதும். கப்பல் செலவு யாருடையது என்று அந்த வீட்டார் கேட்கவில்லை. கைநாட்டு வைத்து, பினாங்கில் இறங்கி, வேலையும் தொடங்கிய பிறகு, அந்தச் செலவு கூலியிலிருந்து பிடிக்கப்பட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வேலைக்குப் போகிறோம் என்று புறப்பட்டவர் கடனாளியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தார்.

பிறகு கங்காணி முறை வந்தது. கங்காணி நமக்கு அந்நியர் அல்லர். மாமனாகவோ பங்காளியாகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார். கங்காணிகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது நியாயமாகாது. தம் ஜனங்களை நோயிலும் சாவிலும் கைவிடாத கங்காணிகளும் இருந்தார்கள். ஆனால் ஆள் கொண்டுவந்தால் அவருக்குத் தரகு கிடைத்தது. அந்த ஆட்கள் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினால் தலைக்காசும் கிடைத்தது. வழிகாட்டுகிறவருக்கே நம் தலையால் வருமானம் வரும்போது, அவர் வாயிலிருந்து முழு உண்மை வருவது அரிது.

இதற்கிடையே தோட்டங்களுக்குள்ளேயே ஆள் திருட்டு வேறு நடந்தது. ஒரு தோட்டம் பணம் போட்டுக் கொண்டுவந்த கூலியை, வேறொரு தோட்டத்தின் ஆள் ஆசைகாட்டி இழுத்துப் போவான். துரைமார்களுக்கு இது ஓயாத தலைவலி. 1907-ஆம் ஆண்டு 'தமிழ்க் குடியேற்ற நிதி' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தமிழ்க் கூலிகளை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்படும். நம்மீது இரக்கப்பட்டுச் செய்த காரியம் அல்ல அது. தோட்டங்களுக்கு ஆள் தட்டாமல் வரவேண்டுமென்று செய்ததுதான். இருந்தாலும், கப்பல் கடன் இல்லாமல் கூலி வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். எத்தனை பேர் எத்தனை எச்சரிக்கை சொல்லியும் நடக்காததை இந்த ஒரு கணக்கு மாற்றம் செய்தது என்பது என் எண்ணம்.

1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும். புறப்படுகிறவரின் கிராமத்து முன்சீப் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் விசாரித்து அனுப்ப வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கிராமத்துக்குள் கங்காணியின் செல்வாக்கு எப்படி, முன்சீப்பின் நேர்மை எப்படி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. மலாயாவுக்கு வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார் 1937-இல் கொடுத்த அறிக்கையில், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்றே சொன்னார். மறு ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், உதவிப் பயணத்தில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

இது வந்த வழி. திரும்பிப் போன வழிக்குத் தனிக் கதை உண்டு.

வரும்போது பறிகொடுக்க நம்மவரிடம் ஒன்றுமில்லை, போகும்போது இருந்தது. ஈப்போ ஸ்டேஷனில் ரயிலேறி, பிறையில் இறங்கி, படகில் பினாங்கு போய்க் கப்பல் பிடிப்பார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை அறியாத தோட்டமே இல்லை எனலாம். அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: இரும்புப் பெட்டியின்மேல் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதி வைப்பார்கள், ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருப்பார், பணம் முழுவதும் ஒரே மடியில் இருக்காது. வருஷக்கணக்கில் பால்மரம் சீவிச் சேர்த்த பணமல்லவா!

பிரஜா உரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. அதற்குப் பிறகு சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். பலருக்குத் தமிழ்நாடு என்பது கேள்விப்பட்ட ஊர். சிலர் பிறந்ததே பேராக்கில்தான். வாழ்நாள் சேமிப்பு முழுதும் கையில், ஊரோ புதிது. நிலம் வாங்கித் தருகிறேன், கடை வைத்துத் தருகிறேன், சுங்கத்தில் எனக்கு ஆள் தெரியும் என்று யார் யாரோ உறவு கொண்டாடிய கதைகள் அந்தக் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. கப்பலில் விழித்திருந்து காத்த பணத்தைக் கரையில் சிரித்த முகங்களிடம் கொடுத்தவர்கள் உண்டு.

ரஜூலாவின் ஓட்டம் 1973-இல் முடிந்தது. அதன் பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. இப்போது விமானத்தில் நான்கு மணி நேரத்தில் சென்னை. யாத்திரைக்கும் கல்யாணப் பட்டு எடுக்கவும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம்.

அங்கே தெருவில் நடக்கும் ஒரு தந்திரத்தைத் தாய்மார்கள் தெரிந்துகொள்வது நல்லது. நடந்து போகும் அம்மாவிடம் ஒருவன் வருவான். தன்னைப் போலீஸ்காரன் என்பான். "முன்னால் திருட்டு நடந்திருக்கிறது அம்மா, இவ்வளவு நகை போட்டுக்கொண்டு போகலாமா? கழற்றிக் கொடுங்கள், பத்திரமாகக் காகிதத்தில் மடித்துத் தருகிறேன்" என்று அக்கறையோடு சொல்வான். பக்கத்தில் இன்னொருவன் உடனே தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பான், அவனும் கூட்டாளிதான். பொட்டலம் நம் கைக்குத் திரும்பி வரும். வீட்டில் பிரித்தால் உள்ளே கல் இருக்கும். உண்மையான போலீஸ்காரர் தெருவில் யாருடைய தாலியையும் வாங்கி மடித்துத் தரமாட்டார். சட்டையில் அசிங்கம் பட்டிருக்கிறது, கீழே உங்கள் பணம் விழுந்திருக்கிறது என்று சொல்லிப் பையைத் தூக்குவதும் இதே ஜாதித் தந்திரம். நின்று குனிவதற்கு முன் பையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கடப்பிதழ் போய்விட்டால் போலீசில் புகார் எழுதிக்கொடுத்து, அதன் நகலோடு சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். இடையில் வந்து "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் அல்ல.

நகை போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். ஆளே போய்விடுகிற கதை நம் காலத்தில் மறுபடியும் வந்திருக்கிறது. கம்போடியாவில் வேலை, தாய்லாந்தில் வேலை, டிக்கெட் நாங்களே எடுக்கிறோம் என்று கைப்பேசியில் அழைப்பு வருகிறது. நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் பலர், கம்போடியாவிலும் மியன்மாரிலும் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி அடிக்கப்பட்டார்கள். 2022-இல் இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கூறியது.

அங்கேயும் டிக்கெட் செலவு கடனாகத் தலையில் எழுதப்படுகிறது. அங்கேயும் ஆள் கொண்டுவந்தால் காசு. "உனக்குத் தெரிந்தவர்களை அழைத்து வா, உன்னை விடுகிறோம்" என்று அடைபட்டவர்களிடமே சொல்லப்பட்டதாகத் தப்பி வந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே அழைக்கிற குரல் பழைய பள்ளித் தோழனுடையதாகவும் இருக்கலாம். அந்த நாளில் உரிமச் சீட்டோடு ஊருக்கு வந்த கங்காணியும், ஒரு காலத்தில் கூலியாகக் கப்பலேறிப் போனவர்தாம்.