விற்பனைக்கு முந்தைய வீட்டு மராமத்து (கோவில்பட்டி கரிசல் வட்டாரம்)

வீட்டை விற்க முடிவுசெய்த குடும்பம், விலை பேசுமுன் கூடியவரை தன் கையாலேயே செய்துகொள்ளும் பழுதுபார்ப்பும் பூச்சு வேலையும் விற்பனைக்கு முந்தைய மராமத்து ஆகும். பெருநகரங்களில் இது பெரும்பாலும் வண்ணப்பூச்சு, சமையலறை மேடை, குளியலறைத் தரைக்கல் ஆகியவற்றோடு முடிந்துவிடும். தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளும் விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், அருப்புக்கோட்டை பகுதிகளும் சேர்ந்த கரிசல் பூமியில் நிலைமை வேறு. இங்கே விவரம் தெரிந்தவர் வீடு பார்க்க வந்தால் அவர் கண் முதலில் சன்னல் மூலைக்குப் போகும். வெடிப்பு இருக்கிறதா, பழைய வெடிப்பைப் பூசி மூடிய தடம் தெரிகிறதா என்று பார்ப்பார். ஆகவே இவ்வட்டாரத்தில் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் சரிசெய்த பிறகே சுவரில் கைவைக்க வேண்டும். வரிசை மாறினால் செலவு வீண்.

மண்ணின் இயல்பு

கரிசலில் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அதன் மெல்லிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் குணத்தை நம்பித்தான் இங்கே மானாவாரியாகப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைகின்றன. 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இந்த மானாவாரி வேளாண்மைக்கானதுதான். பயிருக்கு உதவும் அதே குணம் கட்டடத்தைப் படுத்துகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று இங்கே அதிக மழை தருவதில்லை. இடையில் கோடை மழை நனைத்தாலும், புரட்டாசி வரை மண் காய்ந்துகொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பும். ஆண்டுதோறும் வீடு சற்றே எழும்பி, சற்றே தாழ்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் பெரிய கேடில்லை. கொல்லைப்பக்கம் குளியல் தண்ணீர் ஊறிக்கிடக்க, வாசல்பக்கம் காய்ந்து கிடந்தால் ஒரு மூலை எழும்பும், மறுமூலை தாழும். சுவர் பிளப்பதற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

மண் எவ்வளவு உப்பும் என்பதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின் 1977ஆம் ஆண்டு முறைப்படி, சலித்த உலர்மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விடவேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீர்க் குடுவையில் மண் இரு மடங்கு உயரம் நின்றால் உப்பல் 100 விழுக்காடு. அத்தகைய மனையில் வெடிப்புக்குக் கொத்தனாரின் கைக்குறையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென அடியில் குமிழ் விரிந்த காங்கிரீட் தூண் அடித்தளத்தைப் பரப்பியது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில் அது நிற்கும். பழைய வீடுகளுக்குத் தோண்டிய வானம் பெரும்பாலும் அந்த ஆழத்தைத் தொடுவதில்லை. விற்கப்போகிறவர் இப்போது அதை மாற்றவும் முடியாது. அவர் கையில் மிச்சமிருப்பது நீரைக் கட்டுப்படுத்துவது ஒன்றே.

நீரும் மரமும்

வீட்டைச் சுற்றிக் குறைந்தது 1 மீட்டர், இடமிருந்தால் 2 மீட்டர் அகலத்துக்குத் தளம் போடுவதே இங்கே செய்யத்தக்க முதல் மராமத்து. மேல்கரிசலை வெட்டியெடுத்து, சரள் மண் இட்டு நனைத்து இடித்து, அதன்மேல் வெளிச்சரிவாகக் காங்கிரீட் தளம் அமைக்க வேண்டும். சுவரும் தளமும் சேரும் இடுக்கைத் தாரால் அடைப்பது முக்கியம். அந்த இடுக்கு வழியே இறங்கும் மழைநீர் நேரே அஸ்திவாரத்துக்குப் போகும். மண் வேலையைக் குடும்பத்தார் செய்துகொள்ளலாம், தளம் போட மட்டும் கொத்தனாரை அழைக்கலாம்.

அடுத்தது குளியலறை, பாத்திரம் துலக்கும் இடம் இவற்றின் கழிவுநீர். கொல்லைச் சுவரோரம் வாழையும் முருங்கையும் வைத்து அவற்றுக்கு இந்நீரைப் பாய்ச்சுவது சிக்கனமான பழக்கம். தண்ணீர் அருமையான ஊரில் அதைக் குறைசொல்ல மனம் வராது. இருந்தாலும் குழாய் வைத்து நீரைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் பாய்ச்ச வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக்கும் இது பொருந்தும். கரிசலில் நீர் மெதுவாகவே இறங்குவதால் சுவரை ஒட்டிய உறிஞ்சுகுழி அஸ்திவாரத்தை ஊறவைக்கும். மொட்டைமாடி நீரை மூடிய தொட்டியில் பிடிப்பதே நல்லது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாயில் வரும் கோவில்பட்டியில், கசியாத தொட்டி வாங்க வருபவருக்குப் புதுப் பெயிண்டைவிடப் பெரிய ஈர்ப்பு.

சுவரருகே நிற்கும் பெரிய வேம்பும் புளியும் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தைத் தாழ்த்தும். ஆனால் விற்பனைக்காக அவசரமாக வெட்டினால் மண் மீண்டும் ஈரமேறி உப்பி, புது வெடிப்பு தரும். கிளைகளைக் கழிப்பதோடு நிறுத்துவது பாதுகாப்பு. 1976இன் வறட்சியில் இங்கிலாந்தின் களிமண் பகுதி வீடுகளும் இவ்வாறே மண் சுருங்கி விரிசல் கண்டன. அமெரிக்காவின் டெக்சாஸில் கோடையில் வீட்டைச் சுற்றிக் கசிவுக்குழாய் போட்டு மண்ணை நனைப்பார்கள்; கரிசல் பூமியில் அதற்குத் தண்ணீர் ஏது?

வெடிப்பும் பூச்சும்

வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, மாதந்தோறும் அகலத்தைக் குறித்துவைக்க வேண்டும். மழைக்கு முன் விரிந்து பின் குறுகினால் அது உயிருள்ள வெடிப்பு. அதில் சிமெண்ட் கலவையை அடைத்தால் அடுத்த கோடையிலேயே அதன் பக்கத்தில் பிளக்கும். நெகிழ்ந்து கொடுக்கும் அக்ரிலிக் அல்லது பாலிசல்பைடு அடைப்பான் தேவை. அகலம் மாறாத வெடிப்பை உளியால் விரித்து, தூசு நீக்கி, கோழிவலை அடித்துப் பூசலாம். வெடிப்பின் மேல் பட்டி பார்த்து வண்ணமடிப்பது இவ்வட்டாரத்தில் மிகுதியாக நடக்கும் வேலை. ஒரு பருவமழைகூடத் தாங்காத வேலையும் அதுவே.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. அந்நீரில் குழைத்த பூச்சில் உப்புப் பூத்து வண்ணம் உரியும். கம்பி கட்டிய காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது தர விதி. மராமத்துக்கு நல்ல தண்ணீரை விலைக்கு வாங்குவது வீண்செலவு ஆகாது. மண்சுவர், சுண்ணாம்புக் காரை வீடுகளின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் காரை உதிரும். அங்கே நீற்றிய சுண்ணாம்பே ஏற்றது. மொட்டைமாடிக்கும் அதை அடித்தால் வெயில் திரும்பி உள்ளறைச் சூடு குறையும். இவை தாமே செய்யத்தக்கவை. மின்கம்பி மாற்றம், சுவர் இடிப்பு ஆகியவற்றில் பயிற்சியற்றவர் கைவைக்கக் கூடாது.

சட்டக் கடமை

வெள்ளையடிப்பு, தரைக்கல் மாற்றம் போன்றவற்றுக்குக் கட்டட அனுமதி வேண்டியதில்லை. அறை சேர்ப்பதற்கும் மாடி எடுப்பதற்கும் வேண்டும். அனுமதியற்ற மாடி கிரையத்தின்போது விலையைக் குறைக்கும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55இன்படி, விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை அச்சட்டம் மோசடியாகவே கருதுகிறது. அசையும் வெடிப்பைப் பூசி மறைப்பது இந்தக் கடமைக்கு எதிரானது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும் குடும்பத்துக்கு அது செய்யும் தீங்கும் சிறியதன்று. வெடிப்பின் மாதக் குறிப்புகளையும் சுற்றுத்தளம் போட்ட விவரத்தையும் வாங்குபவரிடம் காட்டி விலை பேசுவதே முறை. ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும்: மூலதன ஆதாய வரியைக் கணக்கிடுகையில் வீட்டை மேம்படுத்திய செலவைக் கழிக்கலாம், வழக்கமான வெள்ளையடிப்புச் செலவை அவ்வாறு கழிக்க இயலாது.